வந்து சேராத பார்சல்

“என்ட தம்பியக் காட்டிக்குடுத்தவன் ஆரெண்டு எனக்குத் தெரியும். நீங்க அத உறுதிப்படுத்தித் தந்தாக் காணும்” என்றாள் ஷிஃபானா, கதிரையில் உட்காருவதற்கு முன்பே.

உள்துறைமுக வீதியில், வலைநூலும் என்ஜின் எண்ணெயும் விற்கிற கடைக்கு மேல்மாடியில் இருந்தது தவராசாவின் அறை. காப்புறுதிக் கம்பனிக்காக எரிந்த படகுகளையும் மூழ்கிய படகுகளையும் பார்த்தே தலை நரைத்தவர். படகு தானாக எரிந்ததா, யாராவது எரித்தார்களா என்று சொல்வதுதான் அவருடைய தொழில். ஓய்வு பெற்ற பிறகும் ஆட்கள் படியேறி வந்துகொண்டுதான் இருந்தார்கள். இப்போது எரிவது படகு இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

ஷிஃபானாவை அழைத்து வந்தவள் கஜந்தி. ஊரில் ஒரு மூத்த சட்டத்தரணியிடம் ஜூனியராக இருப்பவள்; கோர்ட்டு இல்லாத நேரமெல்லாம் தவராசாவோடு அலைவாள். மூளை உண்டு, பொறுமை மட்டும் மருந்துக்கும் கிடையாது. இந்த விஷயத்தில் அவளும் தன் முடிவை எடுத்துவிட்டுத்தான் வந்திருந்தாள்.

‘வேலிக்கு அந்தப் பக்கம்’ என்று முகநூலில் ஒரு பக்கம் இரண்டு வருடமாக ஓடியது. எழுதுவது யார் என்று ஒரு குஞ்சுக்கும் தெரியாது. மீனவர்களின் கரை எப்படி எப்படி முள்வேலிக்குள் போனது, வேலிக்குக் கிட்ட வலை போட்டவர்களை யார் கூட்டிக்கொண்டு போனார்கள் என்று படங்களோடு எழுதியது. கடைசியில், விசாரணைக்கென்று போன ஒரு மீனவர் பிரேதமாகத் திரும்பி வந்தபோது, உடம்பில் இருந்த காயங்களைப் படம் போட்டுக் கேள்வி கேட்டது. அதோடு வேட்டை தொடங்கியது. நோன்புப் பெருநாள் கழிந்து ஒரு கிழமைக்குள் ஷிஃபானாவின் வீட்டில் வைத்து அவளுடைய தம்பி அஸாமைப் பிடித்தார்கள். கிண்ணியாவில் அறை எடுத்து டியூஷன் கொடுக்கிற கணித வாத்தியார் அவன். குற்றப்பத்திரம் இல்லாமலே மாதக்கணக்கில் அடைத்து வைக்க ஒரு சட்டம் இருக்கிறது, அதில் போட்டுவிட்டார்கள். உம்மா, வாப்பா இல்லாத அவனை வளர்த்தவள் ஷிஃபானா. அவன்தான் அந்தப் பக்கத்தை எழுதியவன் என்பதே அவளுக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

“ஆர் காட்டிக்குடுத்தது எண்டு நினைக்கிறியள்?” என்று கேட்டார் தவராசா.

“யதுர்சன்” என்று பதில் ஜன்னல் பக்கத்திலிருந்து வந்தது. சொன்னவர் ஜவ்பர், ஷிஃபானாவின் தாய்மாமன். கருவாட்டு வியாபாரி. ஏறி வந்த நேரத்திலிருந்து அவர் உட்காரவே இல்லை. “அவன்தான் அந்தப் பக்கத்துக்குப் படம் எடுக்கிறவன். அஸாமோட அறையில இருந்த பொடியன் இப்பத்தான் எனக்கிட்ட வாயத் திறந்தான். அந்தப் பக்கத்துக்கெண்டே ஒரு ஃபோன் இருந்திச்சாம். செத்துப்போன மனுசன் ஒருத்தன்ட பேர்ல சிம். அஸாம் அத வீட்டுக்குக் கொண்டு போறதே இல்லயாம். உப்புவெளியில யதுர்சன் வலை வைக்கிற வாடியிலதான் வச்சிருப்பானாம்.”

“பிடிச்ச அண்டைக்கு அந்த ஃபோன் எங்க இருந்தது?”

“அதத்தானே சொல்ல வாறன். அஸாம்ட சட்டப் பையில. வந்தவனுகள் வாசல்ல நிண்டு நம்பர அடிச்சானுகள், உள்ளுக்கு மணி அடிச்சிச்சு. நம்பர் அவனுகளுக்கு எங்கால? யதுர்சன் குடுத்திருக்கான். ஃபோனையும் அவன்தான் புள்ளட கையில குடுத்து அனுப்பியிருக்கான். இப்ப பாருங்க, ஆளத் தெருவில காணக் கிடைக்கல்ல. அவன்ட ஃபோனும் ஓஃப்.”

ஜவ்பர் தன் கைபேசியை நீட்டினார். யதுர்சனின் படம், முழுப் பெயர், ஊர். மேலே, ‘வேலிக்கு அந்தப் பக்கத்தின் படப்பிடிப்பாளன், அஸாமைக் காட்டிக்கொடுத்த துரோகி.’ விரல் பட்டால் முகநூலில் ஏறிவிடும்.

யதுர்சன் துரோகி என்றுதான் கஜந்தியும் நினைத்தாள். ஆனால் உள்ளே போட்டு எவ்வளவு வாட்டியும் அஸாம் இதுவரை ஒரு பெயர்கூடச் சொல்லவில்லை என்பது அவனுடைய வழக்கைப் பார்க்கிற அவளுக்குத் தெரியும்.

“உள்ளுக்கு இருந்து அடி வாங்கிறவன் சொல்லாத பேரை நீங்கள் வெளியில இருந்து எழுதிப் போடப் போறியள்” என்றார் தவராசா. “போட்டா, நாளைக்கு விடிய யதுர்சனையும் பிடிச்சு ஏத்துவாங்கள். ஊர்ப் பொடியள் அதுக்கு முதலே கையை வைச்சாலும் வைப்பாங்கள்.”

“துரோகிக்கு என்ன மரியாத?”

“துரோகி எண்டா நானே உங்களுக்குச் சொல்றன். பொழுதுபட்டு மஹ்ரிப் தொழுகை வரைக்கும் பொறுங்கோ.”

ஜவ்பர் மருமகளைப் பார்த்தார். அவள் தலையசைத்தாள். “மஹ்ரிப் தொழுதிட்டு வந்து போடுவன்” என்றார் அவர்.

தவராசா ஷிஃபானாவின் பக்கம் திரும்பினார். “பெருநாளில இருந்து சொல்லுங்கோ. தேவையில்லாதது எண்டு நினைக்கிறதையும் விடாதேங்கோ.”

“என்னத்தச் சொல்ல? எல்லாப் பெருநாளையும் போலதான். என்ட மனுசன் மவுத்தாப் போன பிறகு புது நோட்டு மாத்திக் கைநீட்டிப் பெருநாள் காசு குடுக்க எனக்கு ஏலாது. காலைல என்ட ஃபோன்ல இருந்தே குடும்பத்துப் புள்ளைகள் எல்லாரிட நம்பருக்கும் நூறு நூறு ரூபா ரீலோட் போட்டு விட்டுருவன். தம்பிக்கு மட்டும் ரெட்டிப்பு. தாடி வளந்தாலும் எனக்கு அவன் புள்ளதானே.” சொல்லும்போது சிரிப்பு வரப் பார்த்தது, வரவில்லை. “அண்டிரவு வந்தான். ‘ராத்தா, பெருநாள் காசு கிடைச்சிச்சு’ எண்டு கையப் புடிச்சுக் கொஞ்சினான். வழமையா அண்டைக்கே கிண்ணியாவுக்குத் திரும்பிருவான். இந்த முற, கொஞ்ச நாள் நிக்கிறன் எண்டான். எனக்கும் மகன் ஸாஜித்துக்கும் பெரிய சந்தோசம்.”

“பிறகு?”

“பிறகு ஒண்டுமில்ல. உப்புவெளி கீர்த்தனியக்கா கோல் எடுத்தா. நாங்க முந்தி அவட வீட்டிலதான் வாடகைக்கு இருந்தம், விட்டு வந்து கன வருசம். எனக்கு ஒரு பார்சல் வந்ததாம், இப்ப நாங்க இருக்கிற வீட்டு விலாசத்தச் சொல்லி அனுப்பினாவாம். அது இன்னும் வந்து சேரல்ல.”

“தம்பிக்கு அது தெரியுமோ?”

“பக்கத்திலதான் இருந்தான். ‘பார்சல் வந்தா நான் வாங்குறன், நீங்க வெளியில வராதீங்க ராத்தா’ எண்டான். புருசன் போய், வீட்டுக்குள்ளேயே இத்தா இருந்து முடிஞ்சு இத்தின வருசமாச்சு, இனியும் என்ன உள்ளுக்கே இருக்கச் சொல்றியா எண்டு பகிடி பண்ணினன்.”

“பிடிக்க வந்தவங்கள் முதல் என்ன கேட்டவங்கள்?”

“‘ஷிஃபானா ஆரு’ எண்டு. வீடு என்ட பேர்லதானே. நான் குசினியில இருந்து எழும்பி வாறதுக்குள்ள மணி அடிச்சிட்டு. தெருமுனைக்குக் கேக்கும், அவ்வளவு சத்தம். ‘என்ட ஃபோன்தான்’ எண்டு தம்பியே எடுத்து நீட்டினான்.”

தவராசா பேனையை எடுத்தார். “உங்கட நம்பரைத் தாங்கோ, தேவையெண்டா எடுக்கிறன். கனகாலமா இதுதானோ?”

“ஓம். உப்புவெளியில இருக்கக்க என்ட மனுசன் வாங்கித் தந்த சிம். அவர் போன பிறகும் மாத்த மனம் வரல்ல.”

உப்புவெளிக்கு ஓட்டோவில் போகும்போது கஜந்தி வாய் மூடாமல் பேசிக்கொண்டே வந்தாள். துரோகிக்காக நாங்கள் ஏன் வெயிலில் திரிய வேண்டும், அவனைப் பிடித்து இரண்டு கேள்வி கேட்டால் கக்கிவிடுவான் என்பது அவளுடைய கட்சி. தவராசா வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். அவர் அப்படித்தான். முதலாளி ஒரு பக்கம் ஒப்பாரி வைக்க, எரிந்த படகைச் சுற்றிச் சுற்றி நடக்கிற மனுசன்.

கீர்த்தனி முன்வீட்டில் இருந்துகொண்டு பின்னால் இரண்டு அறையை வெள்ளைக்காரருக்கு வாடகைக்கு விடுகிறவள். பார்சல் என்றதும் அவளுக்கு நினைவு வந்தது.

“ரெண்டு பேர் மோட்டார் சைக்கிளில வந்தவை. கையில பார்சலைக் காணேல்லை. எங்க எண்டு கேட்டனான். கூரியர்க் கந்தோரில இருக்காம், விலாசம் சரி பார்க்க வந்தவையாம்.”

“அஸாம் எண்டு கேட்டவையோ?”

“இல்லை, அந்தப் பேரே எடுக்கேல்லை. ஷிஃபானா எண்டு, அடையாள அட்டையில இருக்கிற மாதிரி தேப்பன்ர பேரோட சேர்த்துச் சொன்னவை. அவவோட ஆம்பிளையள் ஆரும் இருக்கினமோ எண்டும் கேட்டவை. புருசன் செத்துப் போயிட்டார், ஒரு தம்பி இருக்கிறார் எண்டு சொன்னனான்.” அவள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். “சொன்னது பிழையோ?”

“நீங்கள் சொல்லாட்டி இன்னொராள் சொல்லியிருக்கும்” என்றார் தவராசா.

தெருவுக்கு வந்ததும் அவர் கேட்டார். “கஜந்தி, யதுர்சனுக்கு ஷிஃபானாவின்ர இப்பத்தைய வீடு தெரியுமோ?”

“தெரியும். ரெண்டு மூண்டு தரம் அங்க சாப்பிட்டிருக்கிறான்.”

“அப்ப அவன் காட்டிக்குடுத்திருந்தா, அவை விட்டுப் போய்க் கன வருசமான இந்த வீட்டுக்கு ஏன் வந்தவங்கள்? அஸாமின்ர பேர்கூடத் தெரியாம ஏன் வந்தவங்கள்?”

நீதிமன்றத்தில் நீதவான் கேட்டிருந்தால் கஜந்தி ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பாள்; இப்போது யதுர்சனின் வாடி இருந்த கரைப் பக்கம் நடந்தாள்.

யதுர்சன் ஓடி ஒளியவில்லை. கரையில், வலை வைக்கிற ஓலை வாடிக்குள்ளேயே இருந்தான். தாடி மண்டிக் கிடந்தது. துரோகி என்ற சொல் அவன் காதுக்கும் எட்டியிருந்தது.

“சொல்லட்டும், சேர். அவனே என்னை நம்பேல்லை, மற்றவை சொன்னா என்ன?”

“அவன் நம்பேல்லை எண்டு ஆர் சொன்னது?”

“பெருநாள் பின்னேரம் வந்தவன். வட்டிலாப்பம் எங்கையடா எண்டு கேட்டனான். பகிடியாத்தான் இருந்தவன். அந்த ஃபோனை எடுத்து ஓன் பண்ணினான். ஒரு மெசேஜ் வந்தது. பார்த்திட்டுச் சிரிச்சான். பிறகு அப்பிடியே மண்ணில இருந்திட்டான். எழும்பி, ஃபோனில இருந்த எல்லாத்தையும் அழிச்சான். ‘இது இனி என்னட்ட இருக்கட்டும். உனக்கு என்னைத் தெரியாது. உன்ர ஃபோனையும் நிப்பாட்டு’ எண்டான். ஆர் காட்டிக்குடுத்தது எண்டு கேட்டனான். ‘ஒருத்தரும் இல்லை’ எண்டான். கடலில எறிவமடா எண்டனான். ‘எறிஞ்சா வேற ஆளைப் பிடிப்பாங்கள்’ எண்டு சொல்லிப்போட்டுப் போயிட்டான்.” யதுர்சன் முகத்தைத் துடைத்தான். “வேற ஆள் எண்டு என்னைத்தான் சொல்றான் எண்டு நினைச்சனான், சேர். அதான் நான் ஓடேல்லை. அவன் உள்ளுக்கு இருக்க நான் மட்டும் எங்க ஓடுறது?”

கஜந்திக்குத் தன்மீதே கோபம் வந்தது. காலையிலிருந்து இவனைத்தான் மனதுக்குள் விலங்கு போட்டு வைத்திருந்தாள்.

கரையோரம் நடக்கும்போது தவராசா தானாகவே ஆரம்பித்தார்.

“உப்புவெளி விலாசம் ஷிஃபானாவின்ர பேரோட இப்பவும் எங்க இருக்கு? அயலுக்குத் தெரியும், அவ போயிட்டா எண்டு. வீட்டுப் பத்திரத்தில புது விலாசம். பழசு இருக்கிற ஒரே இடம் அவவின்ர சிம் பதிவு. வந்தவங்கள் அங்கையிருந்துதான் வந்திருக்கிறாங்கள். இந்தக் களவு நம்பரை அவங்கள் முதலே பிடிச்சிட்டாங்கள், ஆனா அதில இருந்தது செத்தவரின்ர பேர். கொக்கு மாதிரிக் காத்துக்கொண்டு இருந்திருப்பாங்கள், உயிரோட இருக்கிற ஒரு நம்பர் எப்ப இதோட தொடுசல் வைக்கும் எண்டு.”

“ஷிஃபானா அக்கா இந்த நம்பருக்கு என்னத்துக்கு...” கஜந்தி நின்றுவிட்டாள். “தம்பிக்கு மட்டும் ரெட்டிப்பு.”

“ஓம். இருநூறு ரூபா ஒரு நம்பருக்கு இல்லை. ரெண்டு நம்பருக்கு நூறு நூறு. அனுப்பின நம்பரும் கிடைச்ச நம்பரும் கம்பனிக் கணினியில பக்கத்தில பக்கத்தில கிடக்கும். அந்த மெசேஜைப் பார்த்துத்தான் அஸாம் சிரிச்சது.”

இரண்டு வருடம் ஒரு அரசாங்கத்துக்கே தண்ணி காட்டிய ஆளை, பெருநாளும் அதுவுமாய் அக்கா அனுப்பிய நூறு ரூபாய் பிடித்துக் கொடுத்திருக்கிறது.

“அவவுக்குச் சொல்லப் போறீங்களோ, சேர்?”

“சொல்லாம யதுர்சனைக் காப்பாத்த ஏலுமெண்டா சொல்ல மாட்டன்.”

மஹ்ரிப் முடிந்து அவர்கள் ஷிஃபானாவின் வீட்டுக்குப் போனபோது ஜவ்பர் தொப்பியோடு முன்கதிரையில் இருந்தார். கைபேசி கையிலேயே இருந்தது. ஷிஃபானா தேத்தண்ணி ஊற்றிக் கொண்டு வந்து வைத்தாள்.

“யதுர்சன் இல்லை. ஒருத்தரும் காட்டிக்குடுக்கேல்லை. ஃபோன் கம்பனிக் கணினியில ஒரு தடம் விழுந்திருக்கு, அதைப் பிடிச்சுக்கொண்டு வந்திருக்கிறாங்கள்” என்றார் தவராசா.

“என்ன தடம்?”

“அந்த நம்பருக்கு வேறொரு நம்பரோட ஒரு தொடர்பு.”

“ஆருட நம்பர்?”

தவராசா தேத்தண்ணிக் கோப்பையை எடுத்தார். கஜந்தி இடையில் புகுந்தாள். “அது தொழில்நுட்ப விஷயம், ஜவ்பர் நானா. விளங்கப்படுத்தக் கஷ்டம்.”

“எனக்கு விளங்காதெண்டு அவனக் காப்பாத்தப் பாக்குறீங்க.” ஜவ்பரின் விரல் திரைக்கு மேலே வந்தது. “பேர் இல்லாத தடத்த நான் நம்ப மாட்டன்.”

“மாமா, பொறுங்க.”

ஷிஃபானா தட்டை நிலத்தில் வைத்துவிட்டு அப்படியே அதன் பக்கத்தில் இருந்தாள்.

“பார்சல் எண்டு வந்தவனுகள் என்னத் தேடித்தானே வந்தானுகள்? உப்புவெளிக்கு.” அவள் யாரையும் பார்க்காமல் கேட்டாள். “அந்த விலாசம் என்ட சிம்லதான் இருக்கு. காலைல நீங்க நம்பரக் கேக்கக்க எனக்கு விளங்கல்ல.”

அவள் தன் கைபேசியை எடுத்துத் தட்டினாள்; ஒரு பெயரில் வந்து விரல் நின்றது. ‘தம்பி 2.’

“போன வருசம் ஸாஜித்துக்குக் காய்ச்சல் கூடி வலிப்பு வந்திச்சு. ஆஸ்பத்திரியில நிண்டு தம்பிட நம்பருக்கு அடிக்கிறன் அடிக்கிறன், போகல்ல. பிறகு வேற நம்பர்ல இருந்து வட்ஸ்அப்பில அவனே எடுத்தான். தன்ட ஃபோன் சார்ஜ் இல்லயாம், நான் எடுத்தது மனசுக்குப் பட்டிச்சாம். அத நான் பேர் போட்டு வச்சன். இனி அவசரத்துக்கு உதவும் எண்டு.” குரல் ஏறவுமில்லை, இறங்கவுமில்லை. “பெருநாளுக்கு ரெண்டுக்கும் போட்டன். எது வேல செய்யுதோ எண்டு.”

ஜவ்பருக்கு விளங்க ஒரு நிமிடம் பிடித்தது. விளங்கியதும் கைபேசியில் இருந்ததை அழித்தார். “யா அல்லாஹ்” என்று சொல்லித் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

“அவனுக்கு அண்டைக்கே தெரியும், என்ன?” என்றாள் ஷிஃபானா. “தெரிஞ்சும் ஏன் ஓடல்ல? அந்த ஃபோன ஏன் கடல்ல போடல்ல?”

இதையாவது மறைக்கலாம் என்று கஜந்தி நினைத்தாள். தவராசா மறைக்கவில்லை.

“போட்டிருந்தா, அவங்கள்ட கையில மிஞ்சுறது உங்கட பேர் மட்டும்தான், பிள்ளை. ஃபோன் ஆரிட்ட இருக்கோ அவனைத்தான் எடுப்பாங்கள். அதான் பெருநாள் இரவே உங்கட வீட்டுக்கு வந்து, அதைத் தன்ர பையிலேயே வைச்சுக்கொண்டு இருந்தவர். ஒளிச்சு வைக்கிற ஃபோனுக்கு ஒருத்தரும் மணிச் சத்தத்தைக் கூட்டி வைக்கிறேல்லை. இவர் வைச்சிருந்தார். உங்கட பேரைச் சொல்லிக்கொண்டு வந்தவங்களுக்கு, நீங்கள் எழும்பி வாறதுக்கு முதல், அது தன்ர பையில அடிக்க வேணும் எண்டு.”

ஷிஃபானா ‘தம்பி 2’ என்ற பெயரை அழிக்க விரலைக் கொண்டுபோனாள். கஜந்தி எழும்பி வந்து அவளுடைய கையைப் பிடித்தாள்.

“அழிக்காதேங்கோ, அக்கா. அங்க கணினியில இருக்கிறது இருக்கும். நீங்கள் இதை அழிச்சா, சாட்சியத்தை அழிச்சது எண்டு உங்களிலையும் எழுதுவாங்கள். அப்ப அவர் செய்தது வீணாப் போயிடும்.”

சொல்லிவிட்டு, தான் சட்டம் படித்ததை நினைத்து அவளுக்கு வெறுப்பாக இருந்தது. ஷிஃபானா கையை எடுத்துக்கொண்டாள். திரையில் பெயர் அப்படியே இருந்தது.

“அவனப் பாக்க விட்டா நான் என்ன சொல்றது?”

“ஒண்டும் சொல்லாதேங்கோ. பக்கத்தில கேட்டுக்கொண்டு ஆள் நிப்பார்” என்றார் தவராசா. “சுகமோ எண்டு மட்டும் கேளுங்கோ. உங்கட முகத்தில தெரியாம இருந்தாக் காணும்.”

அவள் தலையாட்டினாள். ஜவ்பர் அவளுடைய தலையில் கையை வைத்தார். அவள் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. கஜந்தியை மட்டும் நிமிர்ந்து பார்த்தாள்.

“‘பார்சல் வந்தா நான் வாங்குறன், நீங்க வெளியில வராதீங்க’ எண்டான், புள்ள. நான் சிரிச்சன்.”